ஹெப்சிபாவின் கட்டைக் குரல்

கேஸ் சிலிண்டர் வரவில்லையென்று ஏஜென்சிக்குப் போன் போட்டால், எடுக்கிற பெண் "சொல்லுங்க சார்" என்பாள். பேங்கிலிருந்து அழைப்பவர்களும் அப்படித்தான். ஒருமுறை ஒருத்தன், "மேடத்துக்கிட்ட குடுங்க சார்" என்றபோது, ஹெப்சிபா போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்துவிட்டு, மெல்லிசான இன்னொரு குரலில் "ஹலோ" என்று மறுபடி ஆரம்பித்தாள். அப்படி இரண்டு ஆளாக நடித்து முடித்த பிறகு அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருந்தும் சுட்டது.

இராஜபாளையத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவள் வீடு. அப்பா பெலிக்ஸ் நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கேட்ட மில் சத்தம் அவர் காதிலிருந்த மெல்லிய ஒலிகளையெல்லாம் அரித்துத் தின்றுவிட்டிருந்தது. மனைவி பியூலா பேசுவதில் பாதி அவருக்கு விளங்காது. பியூலா சொன்னதை ஹெப்சிபா ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் தலையை ஆட்டுவார். கட்டைச் சத்தம் மட்டும் அவர் காதில் தெளிவாக விழும்.

பியூலாவுக்கு அந்தக் குரல் பெரிய கவலை. எட்டாம் வகுப்பில் கூடப் படித்த பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்த அதே வருஷம் தன் மகளுக்கும் குரல் இறங்கிப் போனதை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் என்று கொடுத்துப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளைக்குக் குயிலு மாதிரி வேண்டாம், குருவி மாதிரியாவது இருக்க வேண்டாமா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

கோயிலில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டதும் அவள்தான். பாடிப் பாடிக் குரல் மெலியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கான முதல் பயிற்சியில், பாட்டு வாத்தியார் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். பெண்கள் வரிசையில் ஆண் குரல் எப்படி வந்ததென்று தேடினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயிற்சி முடிந்ததும் ஹெப்சிபாவைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் உயரமாக இருப்பதால் வரிசைக்கு எடுப்பாக இருக்கிறாள், கட்டாயம் வர வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். பிறகு, "வாய மட்டும் அசைம்மா. சத்தம் வேண்டாம்" என்றார்.

அவள் அசைத்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கும், அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ்களுக்கும், ஈஸ்டருக்கும், கல்யாணங்களுக்கும் வெள்ளைச் சேலை கட்டி வாயை அசைத்தாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "உன் மக என்னமாப் பாடுதா" என்று பெண்கள் பியூலாவின் கையைப் பிடித்துச் சொல்லும்போதெல்லாம், திருடிய பண்டத்தை வைத்துக்கொண்டு நிற்பவள்போல ஹெப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படிப்பு முடிந்து சத்திரப்பட்டி சாலையில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற, காயம் கட்டுகிற காஸ் துணி நெய்கிற தறிகள் வரிசை வரிசையாக ஓடும் இடம். அங்கே பேச்சு எடுபடாது. பாதிப் பேர் கையாலும் உதட்டாலுமே பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிற சூப்பர்வைசர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், சுக்குக் காப்பியும் கையுமாகத் திரிவார்கள். ஹெப்சிபாவுக்கு அது நேரவில்லை. அடிவயிற்றை லேசாக இறுக்கி, சத்தத்தைத் தொண்டையில் தங்கவிடாமல் மூக்குக்குப் பின்னால் ஏற்றிவிட்டால், அது கூராகித் தறிச் சத்தத்துக்குள் ஊசிபோல நுழைந்துபோகும் என்பது அவளுக்குத் தானாகப் பிடிபட்டிருந்தது. குரலைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாத ஒரே இடம் என்பதால் அங்கே மட்டும் அவள் வாயைத் திறக்கக் கூசவில்லை.

அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டவன் காசிராஜன். கம்பெனியின் எலக்ட்ரீஷியன், அவளுக்கு அடுத்த தெருக்காரன். கிட்டார் வாசிப்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் லக்ஷ்மண், டிரம்ஸ் அடிக்கும் விமல் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு 'மின்வெட்டு' என்று ஒரு ராக் இசைக்குழு நடத்தினான். மெல்லிசைக் கச்சேரி பண்ணுகிற கூட்டமில்லை அது. கிட்டார் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், அதற்கு மேலே ஒரு குரல் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பாட்டுகளையெல்லாம் அவர்களே தமிழில் எழுதிக்கொண்டார்கள். பாடிக்கொண்டிருந்தவன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட, பாட ஆளில்லாமல் இருந்தார்கள்.

ஒரு நாள் சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்த காசிராஜன், தறிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெப்சிபா யாரையோ நிறுத்தச் சொன்னதைக் கேட்டு அப்படியே திரும்பிப் பார்த்தான். டீ நேரத்தில் வந்து, பாட வருகிறாயா என்று கேட்டான். அவள் மாட்டேன் என்றாள்.

"சர்ச்சுல பாடுதவதான நீ?"

"அங்க நான் பாடுறதில்லண்ணே" என்றாள் ஹெப்சிபா. அந்த உண்மையை அவள் ஒரு ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு, அவன் ஏன் என்று கேட்கவில்லை என்பதாலேயோ என்னவோ, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டில் ஓவர்டைம் என்று சொன்னாள்.

லக்ஷ்மணின் கடைக்கு மேலே ஒரு அறை. சத்தம் வெளியே போகாமலிருக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட காஸ் துணியை மூட்டை மூட்டையாகக் கட்டி நாலு சுவரிலும் அடுக்கியிருந்தார்கள். லக்ஷ்மணின் வீட்டார் ஆண்டாள் கோயிலில் கோஷ்டியாக நின்று பாசுரம் ஓதிச் சேவிக்கிறவர்கள். அவனும் சின்ன வயதில் நின்றிருக்கிறான். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே மூச்சைக் களவாடலாம் என்பதெல்லாம் அங்கே பழகியது. மற்றதையெல்லாம் இணையத்தில் தேடித் தேடிப் படித்தான்.

முதல் நாள் அவன் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கினான். ஹெப்சிபா அந்தச் சுருதியில் 'ஆ' என்று நீட்ட வேண்டும். காசிராஜனும் கூடச் சேர்ந்து நீட்டினான். ஒரு கட்டத்தில் காசிராஜனுடைய குரல் வெறும் காற்றாகிப்போனது. அவள் குரல் அதற்கும் கீழே ஒரு படி இறங்கி, அங்கே உட்கார்ந்து அதிர்ந்தது. காசிராஜன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் பாடகர் குழுப் பிள்ளைகளின் சிரிப்பும் சேர்ந்து கேட்டுக்கொண்டே வந்தது. ஆம்பளையைவிடக் கட்டை. அதை ஒரு கருவியை வைத்து அளந்தே காட்டிவிட்டார்கள். லக்ஷ்மண் வண்டியில் பின்னாலேயே வந்து, காசிராஜன் சந்தோஷத்தில்தான் சிரித்தான், இப்படி ஒரு ஆள் கிடைப்பாள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை என்றான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் போனாள். பாடுகிறபோது இத்தனை நாள் அடைத்திருந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இளகியதை அவள் உடம்பு மறக்கவில்லை.

அந்த வாரம் மேலே ஏறினார்கள். மேலே போகப் போக, ஓரிடத்தில் குரல் உடைந்து சட்டென்று பிள்ளைக் குரலாக மாறியது. நெஞ்சுக் குரல் அதோடு முடிகிறது, அதற்கு மேலே தலைக்குரல், இரண்டுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு வெடிப்பு உண்டு என்று லக்ஷ்மண் சொன்னான். நெஞ்சுக் குரலையே மேலே மேலே தள்ளினால் அது மூட்டையைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறுவது போல. ஏறுகிறபோதே எடையை இறக்கிக்கொண்டே போக வேண்டும். அவளுக்குத் தறிதான் ஞாபகத்துக்கு வந்தது. சத்தத்தை மெலிதாக்கி மூக்குக்குப் பின்னால் ஏற்றினாள். வெடிப்பு இருந்த இடம் தெரியாமல் குரல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. கீபோர்டில் லக்ஷ்மணின் விரல் நின்றபோது, அடியிலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட மூன்று ஸ்தாயி ஆகியிருந்தது.

உறுமல்தான் வரவில்லை. சுத்தமான குரலோடு கரகரப்பைச் சேர்க்கிற வித்தை அது. தொண்டையை நெரித்துப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி எச்சிலில் ரத்த ருசி அடித்தது, இரண்டு நாள் குரலே இல்லை. கரகரப்பு குரல் நாண்களில் உண்டாகக் கூடாது, அதற்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, அதில்தான் உண்டாக்க வேண்டும் என்று லக்ஷ்மண் படம் வரைந்து காட்டினான். படத்தைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. பிறகொரு நாள் கம்பெனியில் துணிப் பண்டல் ஒன்றைத் தூக்கும்போது தொண்டைக்குள் 'ம்ஹ்' என்று தானாகவே ஏதோ மூடியது. பண்டலை வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். மூடுகிற இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடியில் சுருதியைச் சுத்தமாக விட்டாள். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு உறுமல் வந்தது. தொண்டை துளியும் வலிக்கவில்லை. பத்தடி தள்ளி நின்ற மாடத்தி, தறி ஓட்டுகிறவள், மோட்டார் ஏதும் மக்கர் பண்ணுகிறதா என்று சைகையில் கேட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரி ஆண்டுவிழாவில் மின்வெட்டுக்குப் பாட வாய்ப்பு வந்தது. ஹெப்சிபா கறுப்புச் சுடிதார் போட்டு, முடியை அவிழ்த்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். "கரண்டு போன வீட்டுக்குள்ள கண்ணு மட்டும் எரியுது" என்ற வரியை அடிக்குரலில் பேச்சுப் போல ஆரம்பித்து, கடைசியில் உச்சிக்கு ஏற்றி உறுமலோடு நிறுத்தினாள். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். பின்னாலிருந்து விளக்கு அடித்ததால் அதில் அவள் முகமும் உடுப்பும் சரியாகத் தெரியவில்லை, ஓரத்தில் நின்ற காசிராஜனின் முகம்தான் தெரிந்தது. கீழே எழுதியிருந்தவர்கள் எல்லாம், யார் இந்தப் பையன் என்றுதான் கேட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது அவளுக்கு அப்பாடா என்றும் இருந்தது, தன் பாட்டை யாரோ எடுத்துக்கொண்டது போலவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தளவாய்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெபின். நைட்டி தைத்து அனுப்புகிற கம்பெனி சொந்தமாக வைத்திருந்தான். நல்ல குடும்பம், சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள். பியூலா இரண்டு நாள் முன்னாலேயே மகளிடம் சொல்லி வைத்துவிட்டாள்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மெதுவாச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கூடத்து மின்விசிறி ஓடவில்லையென்று பெலிக்ஸ் காலையில் காசிராஜனை வரச் சொல்லியிருந்தார். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் துடைப்பதற்குள் ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. இரு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்று பெலிக்ஸ் அவனையும் நிறுத்தி வைத்தார்.

ஹெப்சிபா அந்த மெல்லிய குரலில் பேசினாள். குரலை மேலே இழுத்துப் பிடித்து, மூச்சு கலந்து, ஒவ்வொரு வார்த்தையாக விட்டாள். ஜெபினின் அம்மாவுக்கு அடக்கம் பிடித்துப்போனது. ஜெபின் ஒன்றிரண்டு கேட்டான், நல்ல மாதிரியாகத்தான் கேட்டான். அவனுடைய அக்கா மட்டும் காசிராஜனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, அவனிடம் நீட்டினாள்.

"இதுல கிட்டார் வாசிக்கிறது நீங்கதானே?"

காசிராஜன் ஆமாம் என்றான். அவள் படத்தை ஓடவிட்டாள். கூடம் முழுக்க ஹெப்சிபாவின் குரல் நிறைந்தது. அக்கா படத்தையும் ஹெப்சிபாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிக்குற தோரணை உங்க மாதிரியே இருக்கு. நீங்களா?" என்றாள். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் அவள் கேட்கவில்லை. ஆசையாகக்கூடக் கேட்டிருக்கலாம். அதை யோசித்துப் பார்க்க ஹெப்சிபா அன்றைக்கு நிற்கவில்லை.

"நான் இல்லைங்க" என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டிச் சொன்னாள், அதே மெல்லிய குரலில். "யாரோ பையன் பாடுறான் போல."

அக்கா காசிராஜன் பக்கம் திரும்பி, யார் பாடுவது என்று கேட்டாள். அவன் ஹெப்சிபாவை ஒரு தடவை பார்த்தான். காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "மதுரையில இருந்து ஒரு பையன் வந்தான். இப்ப இல்ல, போயிட்டான்" என்றான்.

பெலிக்ஸ் கையை நீட்டினார். என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்து அக்கா போனை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. முடிந்ததும் போனைத் தன் வேட்டியில் ஒருமுறை துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஹெப்சிபாவின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் அவருக்குத் தெளிவாகக் கேட்கிற குரல் அது ஒன்றுதான்.

அவர்கள் போன பிறகு பியூலா சந்தோஷத்தில் அழுதாள். ஹெப்சிபா புழக்கடைக்குப் போய்த் தேய்க்க வேண்டாத பாத்திரத்தையெல்லாம் தேய்த்தாள்.

காசிராஜனால் அந்தப் பொய்யோடு நிறுத்திக்கொள்ள முடியாமல் போயிற்று. கம்பெனியிலும் படம் பரவியிருந்தது, அங்கேயும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. மாடத்தி அந்த உறுமலைத் தன் போனுக்கு ரிங்டோனாகவே வைத்துக்கொண்டாள். டீ நேரத்தில் அது அடிக்கும்போதெல்லாம், "அந்த மதுரைப் பயலுக்கு என்ன தொண்டைங்கேன்" என்பாள். ஹெப்சிபா டீயை ஊதிக்கொண்டிருப்பாள். காசிராஜன் எழுந்து போய்விடுவான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். அவனும் வா என்று கூப்பிடவில்லை.

ஜெபின் சாயந்தரங்களில் போனில் பேச ஆரம்பித்தான். தையல்காரர்களைப் பற்றி, துணி விலையைப் பற்றி, அவன் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவான். நல்ல பேச்சு. அவள் மெல்லிய குரலிலேயே பதில் சொன்னாள். பத்து நிமிஷம் பேசினால் கழுத்து இறுகும், அரை மணி பேசினால் எச்சில் விழுங்க வலிக்கும். மூன்றாம் வாரத்தில் காலையில் எழுந்தால் குரல் வரவே ஒரு மணி நேரம் ஆனது. தறிக்கு நடுவே அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

பயந்துபோய் ஒரு தொண்டை டாக்டரிடம் போனாள். வயதான அம்மா அவர். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, நாண்கள் வீங்கியிருக்கின்றன என்றார். பாட்டுதான் காரணமோ என்று ஹெப்சிபா நினைத்தாள். கத்துகிற வேலையா என்று டாக்டர் கேட்டார். தறிக் கம்பெனி என்றாள். டாக்டர் கொஞ்ச நேரம் அவள் பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு, தூங்கி எழுந்ததும் வீட்டில் எப்படிப் பேசுவாயோ அப்படிப் பெயரைச் சொல்லு என்றார். அவள் தயங்கிவிட்டுக் கீழே இறங்கிச் சொன்னாள்.

"இதுதான் உன் குரல். இதை விட்டுட்டு யாரு உன்னை மேல போய்ப் பேசச் சொன்னது?" என்றார் டாக்டர். அந்த இடத்தில் நாள் முழுக்கப் பேசினாலும் ஒன்றும் ஆகாது, நீ பேசுகிற இடத்தில்தான் நாண்கள் அடிபடுகின்றன என்றார். ஒரு வாரம் பேசவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

மேடையில் அத்தனை உறுமியும் கெடாத தொண்டை, பொய்க் குரலில் கெட்டுப்போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு வாத்தியாரின் மேல் இத்தனை வருஷம் ஒரு கோபம் வைத்திருந்தாள். வாயை அசைக்கச் சொன்னவர் அவர். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் அவளை யாரும் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. நான் இல்லை என்று அவளாகத்தான் சொன்னாள்.

பேசாமலிருந்த அந்த வாரத்தில் அப்பாவோடு கூட ஒன்றும் பேசவில்லை. பியூலா பேசுவது விளங்காமல் அவர் திண்டாடினார். வாரம் முடிந்த அன்று மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தவரிடம் அவள் கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பொறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவர் கையை வெகு நேரம் கழுவினார். "நீயே தலைய ஆட்டி இல்லன்னுட்ட. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க" என்றார்.

அன்று சாயந்தரமே ஜெபினுக்குப் போன் செய்தாள். தன் குரலில் ஹலோ என்றதும் அவன் யார் பேசுவது என்றான். நான்தான் ஹெப்சிபா, இதுதான் என் குரல், வீடியோவில் பாடினதும் நான்தான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்டது. அவன் எழுந்து எங்கோ தள்ளிப் போனான் போல, சத்தம் குறைந்தது.

"குரல் எப்படி இருந்தா எனக்கு என்னங்க" என்றான் கடைசியில். "எங்க அக்கா நேரா கேட்டா. நீங்க அவ கண்ணப் பாத்து அம்புட்டு லேசா இல்லன்னீங்களே. அதுதான் எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டிலிருந்து, ஜெபத்தில் சமாதானம் கிடைக்கவில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பியூலா அந்தக் குரல்தான் காரணம் என்று நினைத்து அழுதாள். ஹெப்சிபா அம்மாவை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் கண்ணீர் நின்றது. காரணம் அந்தப் பொய்தான் என்று தெரிந்த பிறகு பியூலா குரலைக் குறை சொல்லவில்லை.

பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அறையில் காசிராஜன் மட்டும் தந்தி மாற்றிக்கொண்டிருந்தான். லக்ஷ்மண் கீழே கடையில் இருந்தான். அவள் நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். உங்களையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன், உங்கள் பாட்டை யாரோ ஊர் பேர் தெரியாத பையனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

காசிராஜன் நிமிரவில்லை. தந்தியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"நீ சொல்லி நான் சொல்லல, ஹெப்சி" என்றான். "அதுக்கு முந்தியே நான் நாலு பேருகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன். பொம்பளப் பிள்ளை பாடுதுன்னா விளையாட்டா எடுத்துக்கிடுவாங்கன்னு. பையன்னு நெனச்சுத்தான் எல்லாரும் ஆகா ஓகோங்காங்க. எனக்கும் அது சவுரியமா இருந்துச்சு. போஸ்டர்ல உன் பேரப் போடாததும் அதுக்குத்தான்."

அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் இவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒதுங்கியிருந்தாள். இவனும் அதே மாதிரிதான் ஒதுங்கியிருக்கிறான். கோபம் வந்தது, ஆனால் கோபப்படத் தனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. லக்ஷ்மண் மேலே வந்தபோது அவள் அதையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது, அவனிடமும் காசிராஜன் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் பெயரைப் போட்டால்தான் பாடுவேன் என்றாள் ஹெப்சிபா. போட்டார்கள். அந்த வீடியோவுக்குக் கீழே காசிராஜன் தானே எழுதினான், பாடியது யாரென்று. சிலர் பாராட்டினார்கள். சிலர் அசிங்கமாக எழுதினார்கள். பொம்பளையா என்று கேட்டுவிட்டு வேறொன்றும் எழுதாமல் போனவர்களே அதிகம்.

கம்பெனியில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில், தறிகள் நின்றிருக்கும்போது, மாடத்தியிடம் போய்ச் சொன்னாள். மாடத்தி நம்பவில்லை. எத்தனை நாள் என் கூடவே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கும் ஹெப்சிபா தரையைத்தான் பார்த்தாள்.

"அப்பம் பாடு பாப்போம்" என்றாள் மாடத்தி.

மற்ற பெண்கள் தூக்குச்சட்டியை மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒளிந்துகொள்ளத் தறிச் சத்தமும் இல்லை. ஹெப்சிபாவுக்குக் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சூடு ஏறியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ஒரு வரியை அடியில் ஆரம்பித்து மேலே கொண்டுபோய் உறுமலில் விட்டாள். சுருதி கொஞ்சம் விலகித்தான் போனது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கேட் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று பார்த்தது.

"ஏட்டி, இது எங்கயிருந்து வருது உனக்கு?" என்றாள் மாடத்தி. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை அவளுக்கு. ஆனாலும் பக்கத்தில் நெருங்கி வந்து உட்கார்ந்து, தானும் தலையை நிமிர்த்தி ஒரு உறுமல் போட்டுப் பார்த்தாள். புரையேறி இருமினாள்.

"தொண்டையில போடாதீங்கக்கா" என்றாள் ஹெப்சிபா. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "அதுக்கு மேல. மூச்சை இங்க இறுக்கிப் பிடிங்க" என்று மாடத்தியின் விலாவில் கையை வைத்துக் காட்டினாள். மாடத்தி மறுபடி முயன்றாள், மறுபடி இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது அவள், போய் ஓட்டுங்கட்டி, நான் வாரேன் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.